ஹெல்மெட்டுக்குள் குரல் கேட்டவன்

'பீஸ்மேக்கர்' என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ தொடர், முதல் சீசனின் கடைசிக் காட்சி. சண்டையெல்லாம் முடிந்து, உலகத்தைக் காப்பாற்றியும் ஆகிவிட்டது. பீஸ்மேக்கராக நடிக்கும் ஜான் சீனா தன் டிரெய்லர் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். கூடவே அவர் வளர்க்கும் கழுகு. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஓர் எபிசோடு முன்னால்தான் தன் கையால் சுட்டுக் கொன்ற அப்பா.

நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், "என்ன மாமா, முடியப்போற நேரத்துல நிறுத்திட்டீங்க?" என்றான். "இந்தப் பேயை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்டா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய இதழை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். அட்டை கிடையாது, முதல் பக்கத்தின் ஓரம் முழுக்கக் கரையான் தின்றது. தொண்ணூறுகளின் கடைசியில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில், பழைய பாடப்புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் ஐந்து ரூபாய்க்குக் கிடைத்தது. விஜிலான்டே என்ற ஒருவனின் கதை அது, ஆனால் அதில் என்னைப் பிடித்துக்கொண்டவன் விஜிலான்டே கிடையாது. வாளி மாதிரி ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அங்கே இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டிருந்த இன்னொருவன். தான் கொன்றவர்களின் ஆவியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வந்து பேசுவதாக அவன் நம்புகிறான். அவன் பெயர் பீஸ்மேக்கர் என்பதும், அவனுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பல வருடம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

அன்று ராத்திரி அக்கா மகனிடம் சொல்ல ஆரம்பித்து முடிக்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு சீசன்களின் முடிவையும் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

சூப்பர்ஹீரோ படத்திலிருந்து பிரிந்து வருகிற தொடர்களில் ஏன் யாருக்கும் தெரியாத பாத்திரங்களாக வருகிறார்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு: பெரிய பெயர்களை சினிமா எடுத்துக்கொள்கிறது, டிவிக்கு மிச்சம்தான். இது உண்மைதான். 'ஏரோ' தொடரில் டெட்ஷாட், அமாண்டா வாலர் என்று ஒரு சூசைட் ஸ்க்வாட் கூட்டத்தையே, அதாவது சிறையிலிருக்கும் வில்லன்களை அரசாங்கம் ரகசிய வேலைக்கு அனுப்பும் கூட்டத்தை, பொறுமையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2016-ல் அதே பெயரில் சினிமா வரப்போகிறது என்றதும் அந்தப் பாத்திரங்கள் தொடரிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் செத்து ஒழிந்தார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்கு இலையில் என்ன விழுமோ அதுதான் டிவிக்கு விழுந்தது. அதே 2016 ஜனவரியில் தொடங்கிய 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' அப்படி மிச்சம் மீதியை வைத்து உருவான தொடர். அதில் மிக் ரோரி என்று ஒரு ஆள் வருவான். காமிக்ஸில் அவன் ஹீட் வேவ், 1963-ல் ஃபிளாஷுக்கு வில்லனாக வந்தவன், கையில் நெருப்புத் துப்பாக்கி, எதைப் பார்த்தாலும் கொளுத்த வேண்டும், அவ்வளவுதான் அவன் குணம். தொடரில் அவனை ஒரு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்து, ரெபெக்கா சில்வர் என்ற பெண் பெயரில் காதல் நாவல் எழுதுகிறவனாக மாற்றிவிட்டார்கள். ஏழு சீசன் ஓடிய தொடரில் என் மனதில் நிற்பவன் அவன்தான். முதல் சீசனில் ஹாக்மேன், ஹாக்கேர்ள், வேண்டல் சாவேஜ் என்று ஓரளவு பெயர் தெரிந்தவர்களை நடுவில் வைத்து நகர்த்திப் பார்த்தார்கள், கதை நகரவே இல்லை.

தெரியாத பாத்திரத்துக்குக் காவல்காரன் கிடையாது. சூப்பர்மேன் தன் அப்பாவைச் சுட முடியாது, பேட்மேன் ஒரு நல்லவனைக் கொன்றுவிட்டு அந்தக் குற்ற உணர்ச்சியோடு ஒரு சீசன் முழுக்க அலைய முடியாது. அவர்கள் முகம் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது, டிபன் பாக்ஸில் இருக்கிறது. யார் என்ன எழுதினாலும் கடைசியில் அவர்களைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாக வேண்டும். பீஸ்மேக்கரை உடைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். உடைத்தபடியே விட்டுவிடலாம்.

ஆனால் இது பாதிக் கதைதான். இந்தச் சுதந்திரம் கிடைத்த எத்தனையோ தொடர்கள் பழைய பெயர் ஒன்றை எடுத்து, புது ஆள் ஒருவருக்கு ஒட்டி, சட்டையை மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டன. பெயர் தெரியாதவனை எடுத்தால் மட்டும் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவனைப் பற்றி இதற்கு முன் எழுதியவர்கள் போட்டுவைத்துவிட்டுப் போன முடிச்சு ஏதாவது இருக்கும். பத்திரிகை நின்றுபோனதால், சம்பளம் போதாததால், ஆசிரியர் மாறிப்போனதால் அவிழாமலே கிடக்கும் முடிச்சு. அதைத் தேடிப் படித்துக் கண்டுபிடிக்கிறவன் எழுதுவதுதான் நிற்கிறது. பீஸ்மேக்கரின் பாதையை முதலிலிருந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டெர்பி என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. அங்கேதான் சார்ல்டன் என்ற பதிப்பகம் இருந்தது. அதன் கதையே தனி. ஜான் சாண்டாஞ்சலோ என்பவர் முப்பதுகளில் சினிமாப் பாட்டு, ரேடியோப் பாட்டு வரிகளை அச்சடித்து விற்றுவந்தார். நம் ஊரில் தியேட்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்ற பாட்டுப் புத்தகம் மாதிரியேதான். உரிமை வாங்காமல் அச்சடித்ததால் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் எட் லெவி என்ற வழக்கறிஞரைச் சந்தித்தார். இருவருக்கும் சார்ல்ஸ் என்ற பெயரில் ஆளுக்கொரு மகன். வெளியே வந்து சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு அந்தப் பிள்ளைகள் பெயரால் சார்ல்டன் என்று வைத்தார்கள், இந்த முறை உரிமை வாங்கியே பாட்டுப் புத்தகம் போட்டார்கள். எழுதுவது, வரைவது, அச்சடிப்பது, லாரியில் ஏற்றுவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அச்சு இயந்திரம் சும்மா நின்றால் நஷ்டம் என்பதால் அதற்குத் தீனி போடவே காமிக்ஸும் வெளியிட்டார்கள். எழுதுகிறவர்களுக்குக் கொடுத்த கூலி அந்தத் தொழிலிலேயே அடிமட்டம்.

அங்கே ஜோ கில் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். கௌபாய் கதை, போர்க் கதை, காதல் கதை, பேய்க் கதை என்று எது கேட்டாலும் தட்டச்சு செய்து கொடுப்பார், பக்கக் கணக்கில் பார்த்தால் அமெரிக்க காமிக்ஸில் அவர் அளவுக்கு எழுதிக் குவித்தவர்கள் மிகக் குறைவு. பாட் பாயெட் டெக்ஸாஸில் ரேடியோ, டிவி என்று வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். இந்த இருவரும் சேர்ந்து 1966-ல் 'ஃபைட்டின் ஃபைவ்' என்ற பத்திரிகையின் 40-ஆம் இதழில், பின்பக்கத்துக் கதையாக, கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற ஒருவனை அறிமுகப்படுத்தினார்கள். அவன் சமாதானத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் ராஜதந்திரி. பேச்சு எடுபடாதபோது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறான். அமைதியை அவ்வளவு நேசிக்கிறான், அதனால் அதற்காகச் சண்டை போடவும் தயார், இதுதான் அவனுக்கு அவர்கள் போட்ட முகவரி. 1967-ல் அவன் பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. ஐந்தே இதழ், நின்றுவிட்டது.

கூலிக்கு எழுதிய பக்கங்கள்தான். ஆனால் அந்த ஒரு வரியில் ஜோ கில் ஒரு முரண்பாட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை, அமைதிக்காகத்தான் குண்டு போடுகிறோம் என்று ஓர் அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர் அதை யோசித்து எழுதினாரா, அடுத்த கதைக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பக்கத்தில் இருக்கிறது, அது போதும்.

1983-ல் சார்ல்டனின் சூப்பர்ஹீரோக்களை, சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கும் டிசி காமிக்ஸ் வாங்கியது. அறுபதுகளில் சார்ல்டனில் ஆசிரியராக இருந்து இந்தக் கூட்டத்தையே வளர்த்த டிக் ஜியோர்டானோ அப்போது டிசியில் இருந்தார். பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் அந்தப் பாத்திரங்களை வைத்து ஒரு கதைத் திட்டம் எழுதி அவருக்கு அனுப்பினார். 'பீஸ்மேக்கரைக் கொன்றது யார்?' என்பது அதன் தலைப்பு. படித்த ஜியோர்டானோ, இந்தக் கதையை அப்படியே விட்டால் நாம் காசு கொடுத்து வாங்கிய ஆட்கள் யாரும் மிஞ்சமாட்டார்கள், புது ஆட்களை உருவாக்கி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் 1986-ல் 'வாட்ச்மென்' காமிக்ஸ் வந்தது. அதன் தொடக்கத்தில் மாடியிலிருந்து தூக்கி வீசப்பட்டுச் செத்துக்கிடக்கும் காமெடியன், பீஸ்மேக்கரின் இடத்தில் வந்தவன். இவ்வளவு பேசப்படுகிற ஒரு புத்தகத்தின் முதல் பிணம் இவனாக இருந்திருக்க வேண்டும். அதுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அதே 1986-ல், பால் குப்பர்பர்க் என்ற எழுத்தாளர் விஜிலான்டேயின் பத்திரிகைக்குள் பீஸ்மேக்கரைக் கொண்டுவந்தார். நான் ஐந்து ரூபாய்க்கு வாங்கியது அந்தக் கதையின் ஒரு துண்டு. ஜோ கில் போட்ட முரண்பாட்டை அவர் ஒரு நோயாகப் பார்த்தார். அமைதிக்காகக் கொல்கிறேன் என்று உண்மையிலேயே நம்புகிற ஒருவனின் மண்டைக்குள் என்ன நடக்கும்? 1988-ல் டாட் ஸ்மித்தின் ஓவியத்தோடு நான்கு இதழில் ஒரு தனிக்கதை எழுதினார். அதில்தான் அப்பா வருகிறார். வுல்ஃப்கேங் ஷ்மிட், நாஜி வதைமுகாமின் தளபதி. போருக்குப் பிறகு அமெரிக்கக் குடும்பத் தலைவனாக வாழ்ந்தவர், உண்மை வெளியே வந்ததும் சின்னப் பையனாக இருந்த மகனின் கண் முன்னால் தற்கொலை செய்துகொள்கிறார். அந்த மகன்தான் கிறிஸ்டோபர் ஸ்மித். அப்பாவின் பேய் வாழ்நாள் முழுக்க அவனோடு நடக்கிறது, திட்டுகிறது, நீ ஒரு லாயக்கற்றவன் என்கிறது. அமைதி அமைதி என்று அவன் கத்துவதெல்லாம் அந்தக் குரலை அமுக்கத்தான்.

நான்கு இதழோடு அதுவும் நின்றது. அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேல் அவன் இங்கே ஒரு பக்கம் அங்கே ஒரு பக்கம் என்று கூட்டத்தில் தலை காட்டினான், அவ்வளவுதான்.

இப்போது இந்தத் தொடரை உருவாக்கிய ஜேம்ஸ் கன் செய்ததைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் வந்த அவருடைய 'தி சூசைட் ஸ்க்வாட்' படத்தில் பீஸ்மேக்கர் கூட்டத்தில் ஒருவன். படத்தின் முடிவில், உண்மையை வெளியே சொல்லிவிடுவேன் என்ற கூட்டத் தலைவன் ரிக் ஃபிளாக்கைக் கொல்கிறான். சாகும்போது ஃபிளாக் அவன் பெயரையே சொல்லி, அது ஒரு கேலிக்கூத்து என்கிறான். ஜோ கில்லின் 1966 வரியின் மேல் காறித்துப்பிய மாதிரி. 2020 ஊரடங்கில் படத்தின் வேலைகளுக்கு நடுவே கன் எழுதிய எட்டு எபிசோடும் அந்தத் துப்பலிலிருந்து கிளம்புகின்றன. தொடர் 2022 ஜனவரி 13 அன்று வந்தது.

தொடரில் அப்பாவின் பெயர் ஆக்கி ஸ்மித், ராபர்ட் பேட்ரிக் நடித்திருக்கிறார். அவர் வாஷிங்டன் மாநிலத்தில் எவர்கிரீன் என்ற ஊரில் வாழ்கிற வெள்ளை இனவெறியர், வைட் டிராகன் என்ற பெயரில் கவசம் போட்டுக்கொண்டு கொலை செய்தவர். இந்த வைட் டிராகனும் காமிக்ஸில் மூலையில் கிடந்தவன்தான். 1987-ல் சூசைட் ஸ்க்வாட் பத்திரிகையின் 4-ஆம் இதழில் ஜான் ஆஸ்ட்ராண்டரும் லூக் மெக்டோனலும் உருவாக்கிய வில்லியம் ஹெல்லர். கறுப்பர்களையும் மற்ற நிறத்தவரையும் மட்டும் திருடன் என்று பிடித்து போலீசில் ஒப்படைப்பான், வெள்ளைத் திருடனிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்து எங்களோடு சேர்ந்துகொள் என்று அனுப்பிவைப்பான். முகமூடி போட்டவனை ஊர் ஹீரோ என்று கொண்டாடும், அவன் யாரைப் பிடிக்கிறான் யாரை விடுகிறான் என்று கவனிக்காது. இந்த ஹெல்லருக்கும் பீஸ்மேக்கரின் அப்பாவுக்கும் காமிக்ஸில் எந்த உறவும் இல்லை.

கன் இருவரையும் ஒன்றாக்கினார். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1988-ல் நாஜி அப்பா, 1987-ல் முகமூடி போட்ட இனவெறியன். ஐரோப்பாவில் எப்போதோ நடந்தது என்று தள்ளிவைக்கக்கூடிய பாவத்தை எடுத்து, அடுத்த தெருவில் குடியிருக்கிறவன் மேல் ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவர் வெறும் முசுட்டுக் கிழவர். மகனுக்கு ஹெல்மெட் செய்து கொடுப்பவரும் அவர்தான். மகனின் ஒவ்வொரு ஆயுதமும், ஒவ்வொரு பெருமையும் அந்த வீட்டின் ரகசிய அறையிலிருந்து வருகிறது. சின்ன வயதில் அண்ணன் தம்பி இருவரையும் மோதவிட்டு, ஒருவன் செத்துப்போவதற்குக் காரணமானதும் அதே கை. ராத்திரி தனியாக பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது ஜான் சீனாவின் முகத்தைப் பாருங்கள். மல்யுத்த மேடையில் பதினைந்து வருடமாகப் பார்த்த அந்தத் தாடை, அந்தத் தோள், எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே ஒரு பத்து வயதுப் பையன் மட்டும் தெரிகிறான்.

அப்புறம் ஏழாவது எபிசோடில் அப்பாவைச் சுடுகிறான். எட்டாவதின் கடைசியில் அப்பா வந்து பக்கத்தில் உட்காருகிறார். குப்பர்பர்க் 1988-ல் தொடங்கிய இடம் அது. அவர் பேயில் தொடங்கினார், கன் எட்டு எபிசோடு நடந்து பேயிடம் வந்து சேர்ந்தார். காமிக்ஸில் அப்பா தானே சுட்டுக்கொண்டார், இங்கே மகன் சுட வேண்டியதாகிவிட்டது, இருந்தும் பேய் அதே பேய். அந்தக் காட்சியில் நான் ஏன் ரிமோட்டை அழுத்தினேன் என்பது இப்போது புரியும் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது நம் பக்கத்தில் நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் 1962-ல் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அந்த ஊர்ச் சிறுவர்கள் வளர்ந்ததும் மறந்துவிட்டார்கள். 1972-ல் முத்து காமிக்ஸ் அவனை முதல் இதழிலேயே கொண்டுவந்தது, அவன் இங்கே வாழ்ந்துகொண்டே இருக்கிறான். ஓர் ஊரில் தூக்கிப்போட்டது இன்னோர் ஊரில் குலதெய்வம் மாதிரி ஆகும். அதனால் 'யாருக்கும் தெரியாத பாத்திரம்' என்று சொல்லும்போதெல்லாம், யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

சரி, விஜிலான்டேவுக்கு வருகிறேன். எனக்கு இந்தத் தொடரோடு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இவன் விஷயத்தில்தான். காமிக்ஸில் ஏட்ரியன் சேஸ் நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர். மார்வ் வுல்ஃப்மன், ஜார்ஜ் பெரேஸ் உருவாக்கியது. வெடிகுண்டில் மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, சட்டத்தின் மேல் நம்பிக்கை போய், 1983-ல் முகமூடி போடுகிறான். ஐம்பது இதழ் வந்த பத்திரிகை. பகலில் சட்டம், இரவில் துப்பாக்கி என்று இரண்டையும் சுமந்து, தான் செய்தது சரியா என்ற கேள்வியால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, 1988-ல் ஐம்பதாவது இதழில் தற்கொலை செய்துகொள்கிறான். சூப்பர்ஹீரோ பத்திரிகை ஒன்று நாயகனின் தற்கொலையோடு முடிந்தது என்பதை நான் படித்தபோது நம்ப முடியவில்லை. அதையும் எழுதியவர் குப்பர்பர்க்.

தொடரில் ஃப்ரெடி ஸ்ட்ரோமா நடிக்கும் விஜிலான்டே ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கும் பையன். குற்றவாளி என்று தோன்றினால் யோசிக்காமல் சுட்டுவிட்டுப் போகிறான், குற்ற உணர்ச்சி என்ற ஒன்றே அவனுக்குத் தெரியாது, பீஸ்மேக்கர் மேல் மட்டும் நாய்க்குட்டிப் பாசம். ஸ்ட்ரோமா அற்புதமாக நடித்திருக்கிறார், அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனாலும் இவன் ஏட்ரியன் சேஸ் கிடையாது. கண்ணாடியும் சட்டையும் பெயரும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், முடிச்சை எடுக்கவில்லை. சட்டம் படித்த ஒருவன் சட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சுமையால் சாகிற கதை இன்னும் அந்த ஐம்பது இதழுக்குள்ளேயே கிடக்கிறது. பீஸ்மேக்கருக்குக் காட்டிய அக்கறையில் பாதி இவனுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஜூடோமாஸ்டருக்கும் இதே நிலைமைதான், அறுபதுகளின் அதே சார்ல்டனிலிருந்து வந்தவர், இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க சார்ஜென்ட், தொடரில் பெயரைத் தவிர எல்லாமே வேறு.

ஏட்ரியன் சேஸ் பெயரை இதைவிடத் தந்திரமாகப் பயன்படுத்தியது 'ஏரோ'. 2016-ல் தொடங்கிய ஐந்தாவது சீசனில் ஏட்ரியன் சேஸ் என்று ஓர் அரசு வழக்கறிஞர் வருகிறார், இன்னொரு பக்கம் விஜிலான்டே என்று ஒரு முகமூடி ஆளும் வருகிறான். காமிக்ஸ் படித்தவர்கள் அத்தனை பேரும் இரண்டையும் கூட்டி விடை போட்டுவிட்டோம். கடைசியில் சேஸ்தான் அந்த சீசனின் கொடூரமான வில்லன் ப்ரோமிதியஸ், விஜிலான்டே வேறு யாரோ. பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பெயர் எதுவும் சொல்லாது, மீதி ஒருவருக்கு மட்டும் வைத்த பொறி அது. நான் அதில் முழுசாக விழுந்தேன், விழுந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய இதழை இவர்களும் படித்திருக்கிறார்கள், நான் படித்திருப்பேன் என்றும் நினைத்திருக்கிறார்கள்.

சின்னப் பாத்திரங்களுக்கு இந்தத் தொடர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜான் எகனாமோஸ். 1987 சூசைட் ஸ்க்வாட் முதல் இதழிலிருந்து இருப்பவர், அந்த வில்லன்களை அடைத்துவைத்திருக்கும் பெல் ரீவ் சிறையின் அதிகாரி. காமிக்ஸில் அவர் வேலை, கதவைத் திறப்பது, கோப்பை நீட்டுவது, மற்றவர்கள் கத்தினால் கேட்டுக்கொள்வது. அவரைப் பற்றி யாரும் இரண்டு வரி சேர்ந்தாற்போல் யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்டீவ் ஏஜி நடிக்கும் எகனாமோஸ் தாடிக்குச் சாயம் பூசுகிறார், சீசன் முழுக்க பீஸ்மேக்கர் அதைச் சொல்லிக் குத்துகிறான். கடைசி எபிசோடில் எதிரிகளிடம் மாட்டிக்கொண்ட நிலையில், ஏன் சாயம் பூசுகிறேன் என்று எகனாமோஸ் பேச ஆரம்பிக்கிறார். உலகம் அழியப்போகிற நேரத்தில் தாடியைப் பற்றி ஒரு நீண்ட பேச்சு. கேலியாகத் தொடங்கியது முடியும்போது தொண்டையை அடைத்துவிடுகிறது. முப்பத்தைந்து வருடமாகக் கோப்பு நீட்டிய ஆளுக்கு முதல்முறையாக வாய் கிடைத்தது.

2025 ஆகஸ்ட் 21 அன்று இரண்டாவது சீசன் வந்தது. அப்பாவின் ரகசிய அறையில் இருக்கும் ஒரு கதவு வழியாகக் கிறிஸ் இன்னோர் உலகத்துக்குப் போகிறான். அங்கே அப்பா உயிரோடு இருக்கிறார், அன்பாக இருக்கிறார். அண்ணனும் உயிரோடு. ஊரே இவர்களைக் கொண்டாடுகிறது. அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்டது அத்தனையும் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம். ஆனால் அந்த ஊர்த் தெருவில் வெள்ளையர்களைத் தவிர யாருமே கண்ணில் படமாட்டார்கள். கவனித்த ரசிகர்கள் வாரா வாரம் பேசிக்கொண்டோம். ஆறாவது எபிசோடில் போட்டுடைக்கிறார்கள்: அது நாஜிகள் போரில் ஜெயித்த உலகம்.

காமிக்ஸில் அந்த உலகத்துக்கு எர்த் எக்ஸ் என்று பெயர். 1973-ல் ஜஸ்டிஸ் லீக் பத்திரிகையின் 107-ஆம் இதழில் லென் வெய்ன் எழுதியது. அவர் அதை ஏன் உருவாக்கினார் தெரியுமா? குவாலிட்டி காமிக்ஸ் என்று ஒரு கம்பெனி 1956-ல் கடையை மூடியது, அதன் பாத்திரங்கள் டிசி கைக்கு வந்தன. அங்கிள் சாம், ஃபேண்டம் லேடி, டால் மேன், ஹ்யூமன் பாம், பிளாக் காண்டர், ரே, யாரும் சீண்டாமல் கிடந்தார்கள். அவர்களுக்கு நிற்க ஓர் இடமும் சண்டை போட ஒரு காரணமும் வேண்டும் என்றுதான் நாஜிகள் ஜெயித்த ஒரு பூமியைக் கட்டினார். மறந்துபோனவர்களைக் குடிவைக்கக் கட்டிய உலகம் அது. ஐம்பத்திரண்டு வருடம் கழித்து, இன்னொரு மூடிப்போன கம்பெனியின் மறந்துபோன பாத்திரம் அந்த உலகத்துக்குள் நுழைந்து, இதுதான் என் வீடு என்று ஏமாந்து நிற்கிறது. குப்பர்பர்க்கின் நாஜி அப்பாவும் வெய்னின் நாஜி பூமியும் சந்திக்கும் இடத்தில் கிறிஸ் நிற்கிறான். இதை யோசித்து எழுதினவருக்கு நான் கை கொடுக்க ஆசைப்படுகிறேன். சீசனின் பிற்பகுதி எனக்கு அவ்வளவு திருப்தி தரவில்லை, அடுத்த படங்களுக்கு அடி போடும் வேலை அதிகமாகிவிட்டது. ஆனால் அந்தக் கதவு ஒன்றுக்காகவே திரும்பப் பார்ப்பேன்.

பாட் பாயெட் 2000-ல் இறந்துவிட்டார். ஜோ கில் 2006 டிசம்பரில். ஐந்து இதழோடு நின்றுபோன ஒரு பின்பக்கத்துக் கதை மீது ஒரு நாள் இவ்வளவு பேர் விவாதிப்பார்கள், அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஆடுவார்கள் என்று இருவருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை. தொடரைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். அப்புறம் குப்பர்பர்க் பெயர்.

அக்கா மகன் அன்று அந்த அட்டையில்லாத இதழை இரண்டு தடவை படித்தான். மீதிக் கதை எங்கே என்று கேட்டான். நான் சேர்த்துவைத்திருந்த மற்றவற்றைக் காட்டினேன். கட்டைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசி இதழை உருவினான்.

"ஐம்பதாவதுல என்ன மாமா ஆகும்?"

"சொல்ல மாட்டேன். முதல் இதழ்லேர்ந்து வா."

ஊருக்குப் போகும்போது கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை. போன வாரம் போனில் பேசியபோது முப்பத்தேழில் இருக்கிறேன் என்றான்.